கட்டத்துக்குள் அடங்காத காடு

மேசைப் போர் என்று பெயரிடத்தக்க விளையாட்டு ஒன்று ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவருகிறது. அகன்ற மேசையொன்றின்மீது மேடு, ஆறு, பாலம், ஊர் ஆகியவற்றைச் சிறிய உருவில் அமைத்து, ஒரு விரல் நீளங்கூட இல்லாத ஈய அல்லது தகர வீரர்களுக்கு அவரவர் படைப்பிரிவின் சீருடை நிறத்தைத் தீட்டி அணிவகுக்க வைத்து, அளவுகோலால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சேதத்தைக் கணக்கிட்டு, இருவர் எதிரெதிர்த் தளபதிகளாக நின்று ஆடுவது அது. இவ்விளையாட்டுக்காரர்கள் பெரிதும் விரும்பும் காலங்களுள் ஒன்று 18ஆம் நூற்றாண்டு. அக்காலத்துத் துப்பாக்கி குறி தவறாமல் சுடக்கூடியதன்று. ஆகவே வீரர்களைத் தோளோடு தோள் உரச நீண்ட வரிசைகளில் நிறுத்தி, ஒரே கட்டளையில் அனைவரையும் சுடவைப்பதே அன்றைய போர்முறையாக இருந்தது. மனிதரையே காய்களைப்போல நகர்த்திய அந்த முறை பலகைக்கு எளிதில் இணங்கிவந்ததில் வியப்பில்லை. அதே நூற்றாண்டில், அதே துப்பாக்கியும் அதே சிவப்பு, வெள்ளை மேலங்கிகளும் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் வடக்கு எல்லைக்கு வந்து சேர்ந்தன. அங்கே நடந்த போர் எந்த மேசையிலும் எளிதில் அமரக்கூடியதாக இல்லை என்பது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் புலப்படுகிறது.

மேசைப் போரின் வேரைத் தேடிப்போனால் அது ஐரோப்பாவோடு நின்றுவிடுவதில்லை. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம், இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்து அரசவைகளின் பொழுதுபோக்காக நிலைபெற்றபின், அதைப் பெருக்கி உண்மைப் போருக்கு நெருக்கமாகக் கொண்டுவரும் முயற்சிகள் அங்கே தொடங்கின. உல்ம் நகரத்துக் கிறிஸ்டோப் வைக்மன் 1664இல் அத்தகைய ஆட்டம் ஒன்றை வெளியிட்டார். 1780இல் பிரவுன்ஷ்வைக் அரசவையில் இளம் பிரபுக்களுக்குக் கணிதம் கற்பித்துவந்த யோகான் ஹெல்விக், 1,600க்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட பலகையை வகுத்து, சமவெளி, சதுப்பு, நீர், மலை என ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலத்தின் தன்மைக்கேற்ற நிறம் கொடுத்தார். சதுரங்கப் பலகையின் கறுப்பு, வெள்ளைக்குப் பொருள் ஏதும் இல்லை. ஹெல்விக்கின் பலகையிலோ நிறமே நிலமாயிற்று. அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வெந்தூரினி என்பவர் பலகையை மேலும் விரித்து, தானிய வண்டித் தொடர்கள், படையோடு நகரும் ரொட்டி அடுப்புகள், பருவநிலை ஆகியவற்றுக்கும் விதி எழுதினார். படை வயிற்றால் நடக்கிறது என்பதை ஆட்டத்துக்குள் கொண்டுவந்த முதல் மனிதர்களில் அவர் ஒருவர். ஆனால் பிற்காலத்தவர் அவருடைய அடுப்புகளையும் வண்டிகளையும் சலிப்பூட்டுபவை என்று பெரும்பாலும் ஒதுக்கிவிட்டனர். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களை நீக்கி வரைபடத்தின்மீது ஆடும் முறையை அமைக்க, அது படைப் பயிற்சியாகவே ஏற்கப்பட்டது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியர் பொம்மைப் படைவீரர்களைக்கொண்டு வீட்டுத் தரையில் ஆடுவதற்கு ஒரு விதிநூல் எழுதினார். 1967இல் பீட்டர் யங்கும் ஜேம்ஸ் லாஃபர்டும், 1971இல் சார்லஸ் கிராண்டும் எழுதிய நூல்கள் 18ஆம் நூற்றாண்டுப் போரையே மாதிரியாகக் கொண்டு இந்தப் பொழுதுபோக்குக்கு இன்றைய உருவத்தைத் தந்தன.

ஹெல்விக் பிரவுன்ஷ்வைக்கில் கட்டங்களுக்கு நிறம் பூசுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, திருச்சிராப்பள்ளிக் கோட்டையைச் சுற்றிப் பல படைகள் திரண்டிருந்தன. ஆற்காட்டு நவாபுப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் போட்டியிட்டனர். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் பின்னவருக்குத் தமிழ் மக்கள் கும்பினி என்று அழைத்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் துணைநின்றனர். 1751இல் தொடங்கிய இந்தப் பூசல் 1754 அக்டோபர்ப் போர்நிறுத்தம்வரை நீண்டது. மைசூரின் நஞ்சராஜர் முதலில் முகம்மது அலியின் பக்கமும், சந்தா சாகிபு 1752இல் கொல்லப்பட்டபின் பிரெஞ்சுக்காரர் பக்கமுமாக நின்றார். தஞ்சை மராட்டிய அரசு தயங்கித் தயங்கிக் கும்பினியோடு சேர்ந்தது. புதுக்கோட்டையை 1730 முதல் 1769 வரை ஆண்ட விஜயரகுநாதராயத் தொண்டைமான் மட்டும் தொடக்கம்முதல் இறுதிவரை ஒரே பக்கம் நின்றார். 1752இல் அவர் அனுப்பிய துணைப்படை 400 குதிரைவீரரும் 3,000 காலாளும் என்று கும்பினியின் போர் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் பதிவுசெய்கிறார்.

அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து மேசையில் படையை நிறுத்தினால் தொண்டைமான் ஒரு மூலையில் நிற்கும் சிறு துணைவராகவே தெரிவார். 1753 ஜூனில் பொன்மலை அடிவாரத்தில் கும்பினிப் படைத்தலைவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் தம்மைவிடப் பன்மடங்கு பெரிய படையைத் துரத்தியடித்த சண்டையை மேசையில் ஆடுவோர் விரும்பி எடுத்துக்கொள்வர். அது வரிசை, துப்பாக்கிமுனைக் கத்தி, பீரங்கி என எல்லாம் பொருந்திவரும் சண்டை. ஆனால் லாரன்ஸ் திருவதிகையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விரைந்ததன் காரணம் வேறு. அவ்வாண்டு ஏப்ரலில் கோட்டைக் காவல் தலைவர் டால்டன் களஞ்சியத்தைத் திறந்து பார்க்கச் சொன்னபோதுதான், நவாபின் ஆட்கள் தானியத்தை விற்றுத் தீர்த்திருந்ததும், எஞ்சியிருந்தது ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு மட்டுமே போதுமானது என்பதும் தெரியவந்தன. அதன்பின் ஒன்றரை ஆண்டு நடந்த அத்தனை சண்டைகளும் ஒரு மூட்டை அரிசி கோட்டைக்குள் போகுமா போகாதா என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தன. தஞ்சையிலிருந்து வரும் வழி காவிரிச் சமவெளி. மைசூரின் குதிரைப்படையும் அதன் பக்கம் நின்ற முராரிராவ் என்னும் தலைவரின் மராட்டியக் குதிரைப்படையும் தடையின்றி ஓடக்கூடிய வெட்டவெளி. 1754 பிப்ரவரியில் அவ்வழியே வந்த பெரிய தானியத் தொடர் ஒன்றை அக்குதிரைப்படைகள் சூழ்ந்து அழித்தன; அதற்குக் காவலாக வந்த, கும்பினியின் தேர்ந்தெடுத்த வீரர் குழுவும் அன்று அழிந்தது. தஞ்சை வணிகர் அஞ்சி ஒதுங்கினர். எஞ்சியது தெற்கு வழி, அதாவது தொண்டைமான் காடு.

ஐரோப்பியர் குறிப்புகளில் அது எப்போதும் தொண்டைமானின் காடு என்றே வருகிறது. நாடு என்று அதைக் குறிப்பதைக் காட்டிலும் காடு என்று குறிப்பதே அவர்களுக்கு இயல்பாக இருந்தது. இன்று விராலிமலைக்கும் கீரனூருக்கும் இடையே பேருந்தில் செல்பவருக்கு அந்தப் பெயர் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் அன்றைய காடு என்பது மலைக்காட்டைப்போல உயர்ந்த மரங்கள் கொண்டதன்று. செம்மண்ணிலும் சரளையிலும் காரை, சூரை, உடை, இலந்தை, விராலி என்று ஆளுயரத்துக்குப் பின்னிக் கிடந்த முட்புதர்க் காடு. யானைக்கு அது பொருட்டல்ல. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதில் ஒற்றையடிப் பாதை உண்டு. குதிரைக்கும் பீரங்கி வண்டிக்கும்தான் வழி இல்லை. இடையிடையே கண்மாய்களும் அவற்றின் கீழே நெல்வயல்களும் கொண்ட ஊர்கள் அந்த முள்வேலிக்குள் பாதுகாப்பாக இருந்தன. நெல் அங்கே விளைந்தது; காடு அதை மறைத்தது. பிற்காலத்தில் மதுரையை ஆண்டு, 1764இல் தூக்கிலிடப்பட்ட யூசுப்கான் அப்போது கும்பினியின் சுபேதார். தொண்டைமான் காட்டின் விளிம்பில் சேர்த்துவைத்த தானியத்தை இரவோடிரவாக மாடுகளின்மீது ஏற்றி, பகைவரின் காவலுக்குத் தப்பி, திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசேர்த்ததில்தான் அவர் முதன்முதலில் பெயரெடுத்தார். இதைப் புரிந்துகொண்ட பிரெஞ்சு, மைசூர்ப் படைகள் அதே 1754ஆம் ஆண்டில் தொண்டைமான் நாட்டுக்குள்ளேயே புகுந்தபோது, மக்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு புதர்களுக்குள் மறைய, படையெடுத்தவர் கைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஆளில்லாக் குடிசைகள். அவற்றைக் கொளுத்திவிட்டுத் திரும்பினர்.

தமிழ்ப் புறத்திணை மரபு போரை வகைப்படுத்தும்போது, கோட்டையை வளைப்பதை உழிஞை என்றும் கோட்டையைக் காப்பதை நொச்சி என்றும் சொல்வதற்கு முன்பே, பகைவர் ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும் அதை மீட்பதைக் கரந்தை என்றும் வைக்கிறது. போர் மாட்டில் தொடங்குகிறது என்பது அந்த வைப்புமுறையின் உட்கருத்து. புதுக்கோட்டைக்கு அருகில் பொற்பனைக்கோட்டையில் கண்டெடுக்கப்பட்ட பழந்தமிழி எழுத்துள்ள நடுகல், ஆநிரைப் பூசலில் பட்ட ஒரு வீரனுக்கு எடுக்கப்பட்டது. 1751 முதல் 1754 வரை நடந்த போர் வெளித்தோற்றத்தில் உழிஞையும் நொச்சியும். உள்ளே அது வெட்சியும் கரந்தையும்தான். பலகையில் காடு என்பது படை நுழைந்தால் பாதி வேகத்தில் நகரவேண்டிய கட்டம், அவ்வளவே. தொண்டைமான் நாட்டிலோ அந்தக் கட்டம்தான் ஆட்டத்தை ஆடியது.

இதை விளக்க வேறொரு பலகை இந்த மண்ணிலேயே உண்டு. கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் கோடு கிழித்து ஆடப்படும் ஆடுபுலி ஆட்டத்தில், கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகளில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதுகின்றன. இருபுறமும் சமவலிமை என்ற சதுரங்கத்தின் அடிப்படை இங்கே இல்லை. புலி தாண்டிக் கொல்லும், ஆடு கொல்லாது. புலிக்கு நகர இடமில்லாதபடி வழிகளை அடைத்துவிட்டால் ஆடு வென்றுவிடும். குதிரைப்படையும் பீரங்கியும் உள்ள பேரரசுகளுக்கு நடுவே சிறிய பாளையங்கள் தாக்குப்பிடித்த முறை இதுவே. எதிரெதிர் வரிசைகளின் போரைச் சதுரங்கம் பார்த்து எழுதிய ஹெல்விக்குக்கு ஆடுபுலி ஆட்டம் தெரிந்திருந்தால் அவருடைய பலகை வேறு விதமாக அமைந்திருக்கும் என்று சொல்வது வரலாறு ஆகாது. ஆனாலும் அந்த எண்ணத்தைத் தவிர்ப்பது கடினம்.

மேசையில் ஆடுவோர் ஒரு படையை வாங்கியதும் முதலில் கேட்பது சீருடையின் நிறம் என்ன என்பது. கும்பினியின் ஐரோப்பியருக்குச் சிவப்பு, பிரெஞ்சுக்காரருக்கு வெள்ளை என்பதுவரை சிக்கல் இல்லை. தொண்டைமானின் காலாளுக்கு வரும்போது தூரிகை நின்றுவிடுகிறது. ஏனெனில் சீருடை என்ற ஒன்று அங்கே இல்லை. அந்தப் படை ஆண்டு முழுவதும் பாசறையில் இருந்து சம்பளம் வாங்கியதன்று. போருக்கு அழைத்தால் வேலோடும் வாளோடும் வரவேண்டும் என்ற கடப்பாட்டுக்கு ஈடாக விடப்பட்ட நிலத்துக்கு அமரம் என்று பெயர். அதை அனுபவித்தவர் அமரக்காரர். பல அமரக்காரருக்குத் தலைவராக இருந்தவர் சேர்வைகாரர். ஆகவே படைவீரன் என்பவன் உழவனே. அவன் உடுத்தியது வயலில் உடுத்திய அதே நாலுமுழ வேட்டி. இதனால் ஒரு விளைவும் உண்டு. நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் இத்தகைய படையை நெடுநாள் வெளியே நிறுத்திவைப்பது எந்த அரசனுக்கும் எளிதன்று.

அவர்கள் கையில் இருந்த கருவிகளுள் அயலாரின் கண்ணை மிகுதியும் கவர்ந்தது வளரி. வைரம் பாய்ந்த மரத்தில், சிலவேளை இரும்பில், பிறைவடிவாகச் செய்யப்படும் இந்த எறிபடைக்கு ஒரு முனை கனமாகவும் மற்றொரு முனை இலேசாகவும் இருக்கும்; வளைவின் வெளிவிளிம்பு கூராக இருக்கும். இலேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சிலமுறை சுழற்றி வேகம் ஏற்றியபின் விட்டால், ஓடும் குதிரையின் காலையோ ஓடும் மானின் காலையோ அது முறித்துவிடும். தஞ்சை ஆயுதக் கிடங்கிலிருந்து போன தந்த வளரிகளும், புதுக்கோட்டையிலிருந்து போன மர வளரிகளும் சென்னை அருங்காட்சியகத்தில் சேர்ந்ததை அதன் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் குறித்துவைத்தார். தந்த வளரி காட்சிக்கு உரியது, மர வளரி கைக்கு உரியது என்று கொள்ளலாம்.

மேசைப் போருக்கு இம்மாவட்டத்தில் ஏதேனும் பொருத்தமான அரங்கு உண்டு என்றால் அது திருமயம். 1687இல் கிழவன் சேதுபதி எடுப்பித்த இக்கோட்டை, ஒன்றன்பின் ஒன்றாக வளையமிட்ட மதில்களோடு ஒரு பாறைக்குன்றைச் சுற்றி அமைந்தது. குன்றின் சரிவில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகருகே குடைவரைகள் உள்ளன. உச்சியில் இன்றும் ஒரு பீரங்கி கிடக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காடு வேறொரு வகையில் ஆட்டத்தை முடித்துவைத்தது. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர்த் தொடக்கத்தில் காளியாபுரம் காட்டில் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, கும்பினியிடம் ஒப்படைக்கப்பட்டு, அம்மாதம் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டையின் வரலாற்றை எழுதுவோர் இந்த இடத்தில் தயங்குவதும் பிற ஊரார் சினப்பதும் இன்றுவரை தொடர்கின்றன. அதுவரை பலருக்கு மறைவிடமாக இருந்த காடு, அதன் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர்களாலேயே வலையாக்கப்பட்டது என்பது மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. கும்பினி 1803இல் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சார்ந்த பகுதியையும் தொண்டைமானுக்கு அளித்தபோது, ஆண்டுக்கு ஒரு யானை திறையாகச் செலுத்தவேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்த யானையை ஒருபோதும் யாரும் கேட்டுப் பெறவில்லை. 1836இல் நிபந்தனையே முறையாக நீக்கப்பட்டது. நால்வகைப் படையில் ஒன்று இவ்வாறு காகிதத்திலேயே பிறந்து காகிதத்திலேயே மறைந்தது.

நால்வகையில் தேர் கோயிலுக்கு உரியதாகிவிட்டது, யானை காகிதமாயிற்று, காலாள் வயலுக்குத் திரும்பினான். எஞ்சிய குதிரை எப்போதுமே இந்த நாட்டுக்குப் பற்றாக்குறையான விலங்கு. தமிழ்நாட்டின் வெப்பத்திலும் தீவனத்திலும் நல்ல போர்க்குதிரை பெருகுவதில்லை என்பதால் அவை கடல்வழியே வாங்கப்பட்டன. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொருளோடு புறப்பட்ட மாணிக்கவாசகர் அப்பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்டுவிட, இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி அனுப்பிய கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் திருப்பெருந்துறை, இம்மாவட்டத்து ஆவுடையார்கோயிலே. நரி குதிரையாவதும் குதிரை நரியாவதும் அருட்கதை. அதன் அடியில், குதிரைக்காகக் கருவூலமே கடற்கரைக்குப் போன ஒரு நாட்டின் நினைவு கிடக்கிறது. 1752இல் 3,000 காலாளுக்கு 400 குதிரை என்ற கணக்கும் அதையே சொல்கிறது.

ஆயினும் வண்ணம் தீட்டிய குதிரைப்படை ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உண்டு. நமணசமுத்திரம், இளங்குடிப்பட்டி முதலிய ஊர்களில் ஐயனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இருமருங்கிலும் சுடுமண் புரவிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல, நேர்த்திக்கடன். எனவே மேசைப் போரின் பொம்மைகளோடு இவற்றை ஒன்றாக எண்ணுவது பிழை. இருந்தாலும், அணிவகுத்து நிற்கும் சிறு உருவப் படையைக் காண விரும்புவோர் நியூரம்பெர்க்குக்கோ லண்டனுக்கோ போகவேண்டியதில்லை.

புரவி செய்யும் பணி வேளார் என்னும் குயவர்க்கு உரியது. ஊர் கூடிப் புரவி எடுப்பு நடத்த முடிவுசெய்ததும், ஊர்ப் பெரியவர் கோயில் இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுக்கிறார். இதற்குப் பிடிமண் என்று பெயர். அந்தக் கைப்பிடி, கண்மாய்க் களிமண்ணும் மணலும் நெல் உமியும் கலந்து மிதித்த பெருங்குவியலோடு சேர்கிறது. சேர்ந்த நொடிமுதல் அது வெறும் சேறு அன்று. நான்கு கால்களும் முதலில் உள்ளீடற்ற குழாய்களாக உருட்டி நிறுத்தப்படுகின்றன. அவை சற்று இறுகியபின் வயிறு, மார்பு என்று மண்ணை அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள். ஒரே நாளில் ஏற்றினால் எடை தாங்காமல் கால் நொடித்துவிடும். உடலின் வெற்றிடமும் உமியும், சூளையில் ஆவி வெளியேற வழிவிட்டு மண் வெடிக்காமல் காக்கின்றன. கழுத்தில் சலங்கை மாலை, முதுகில் சேணம், வாயில் கடிவாளம், நெற்றிப்பட்டம் என அணிகள் அனைத்தும் மண்ணிலேயே உருட்டி ஒட்டப்படுகின்றன. வைக்கோலும் வறட்டியும் மூடிச் சுட்டெடுத்தபின் சுண்ணாம்பு வெள்ளையும் அதன்மேல் சிவப்பு, மஞ்சள், நீலமும் ஏறுகின்றன. இறுதியில் கண் திறக்கப்படுகிறது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியில் வருவது குதிரையே அன்று, ஆற்றின் மணல்திட்டைக் குறிக்கும் குதிர் என்று விளக்குவோர் உண்டு. இந்தப் புரவிகளை நம்பி யாரும் ஆற்றில் இறங்கியதில்லை, கண்மாயைத்தான் ஒப்படைத்தார்கள்.

ஐயனார் ஊருக்கு நடுவே இருப்பவர் அல்லர். அவர் இருப்பது ஊர் எல்லையில், பெரும்பாலும் கண்மாய்க் கரையில் அல்லது அதற்கு அருகிலுள்ள கோயில் காட்டில். அக்காட்டில் விறகு ஒடிப்பதும் தவறு என்பது ஊர்க் கட்டுப்பாடு. இரவில் அவர் புரவி ஏறி எல்லையைச் சுற்றி, கரை உடையாமலும் விளைச்சல் களவு போகாமலும் கால்நடை திருடப்படாமலும் காக்கிறார் என்பது நம்பிக்கை. திருச்சிராப்பள்ளிக் களத்தில் மைசூர், மராட்டியக் குதிரைப்படைகள் செய்த வேலைக்கு நேர் எதிரான வேலை இது. அவை தானியத்தை மறித்தன. இவை தானியத்தைக் காக்கின்றன. மேசையில் படைவீரன் வீழ்ந்தால் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். இங்கே மழையில் கால் சிதைந்து கழுத்து முறிந்த புரவியை யாரும் அகற்றுவதில்லை, ஒட்டுவதும் இல்லை. அது கிடந்த இடத்திலேயே கிடந்து மண்ணாக, அடுத்த எடுப்பில் வந்த புதுப் புரவி அதற்கு முன்னால் நிறுத்தப்படுகிறது. குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலில் முப்பது அடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள ஒற்றைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்து ஊர்கள் வேன்களிலும் லாரிகளிலும் காகிதப்பூ மாலைகளைக் கொண்டுவந்து, ஏணி வைத்து ஏறி அதன் கழுத்தில் சாத்தச் சாத்த, மாலைக்குள் குதிரையின் காதுநுனி மட்டுமே வெளியே தெரிகிறது.